சினத்திற்கும் இரவல் சொல்லா?

ஆங்கிலேயர் தம் சினத்தைச் சுட்ட இன்று வழங்கும் 'ஆங்கர்' என்னும் சொல் அவர்தம் முன்னோர் சொல்லன்று. வடகடல் கடந்து வந்த நோர்சு மொழியினர் விட்டுச் சென்ற சொல் அது. அம்மொழியில் அதற்குத் துயர் என்பதே பொருள். நெருக்குதல் என்னும் கருத்தே அதன் வேர். நெருக்குதலைக் குறிக்கும் இலத்தீன் 'அங்கெரெ'யும், ஒடுக்கத்தைக் குறிக்கும் செருமானிய 'எங்'கும் அதன் உறவுச் சொற்களே. நெஞ்சை நெருக்கும் துயரைச் சுட்டிய சொல், ஆங்கிலத்துட் புகுந்த பின்னரே மெல்ல மெல்லச் சினத்தைக் குறிப்பதாயிற்று.

அதற்குமுன் சினத்தை அவர்கள் 'இர்ரெ' என்றனர். கி.பி. 793இல் இலிண்டிசுபார்ன் தீவின் துறவியர் பள்ளியை நோர்சுக் கடற்கொள்ளையர் சூறையாடினர். அடுத்த நூற்றாண்டில் அவ்வினத்தார் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அவர் சொற்களும் குடியேறின. 1066இல் நார்மானியர் ஆட்சி வந்தது. பிரெஞ்சு வழியே 'அயர்', 'இரேசு' முதலிய சினச்சொற்களும் வந்தன. 'இர்ரெ' மாண்டது. எஞ்சிய பழஞ்சொல்லாகிய 'இராத்' பெரிதும் நூல்வழக்காய் ஒதுங்கிற்று.

"கடன்கொண்டே ஆங்கிலம் வளர்ந்தது, தமிழும் அவ்வாறே வளரட்டுமே" என்பார் உளர். ஆங்கிலம் உலகெங்கும் பரவியது கப்பற்படையாலும் வணிகத்தாலும் ஆட்சியாலும், கடன்சொற்களால் அன்று. இழந்ததோ பெரிது. இலக்கண மாற்றத்தோடு சொல்லிழப்பும் சேர்ந்தமையால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தம் பாட்டையே அவர்கள் வேற்றுமொழிபோற் கற்றுத்தான் படிக்க வேண்டியுள்ளது.

நமக்கு அந்நிலை இல்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த வெகுளியும், வள்ளுவர் காக்கச் சொன்ன சினமும் இன்றும் நமக்கு விளங்குகின்றன. பாய்ந்தெழுவது சீற்றம், நெடுநாள் நெஞ்சில் நிற்பது செற்றம், காதலர்க்கிடையே தோன்றுவது ஊடல். இத்தனை நுட்பமும் இருக்க, தாய் மகனைக் கடிவதற்கும் பகைவர் தம்முள் மோதுவதற்கும் 'கோபம்' என்னும் வடசொல் ஒன்றையே நம் வீடுகளில் வழங்குகின்றோம். ஒரு சொல் உள்ளே வர, ஐந்து சொற்கள் வெளியேறுகின்றன.

'இர்ரெ' ஒரே நாளில் மாண்டதன்று; பேசுவோர் கைவிடக் கைவிட மாண்டது. சினமும் வெகுளியும் நூலில் மட்டும் கிடந்தால் அவற்றிற்கும் அதுவே முடிவு. ஆகலின், தமிழன்பர்களே, இன்றே உங்கள் இல்லத்தில் தொடங்குக! பிள்ளை 'கோபம்' என்றால் 'சினம்' என்று சொல்லிக் கொடுங்கள். நம் உள்ளம் கொதிக்கும்போதாயினும் நம் வாயில் நம் சொல்லே வரட்டும்!