கவச உடையும் வியர்வையும்

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் கொல்லைகளில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மருந்தடிப்பு மும்முரமாக நடப்பதும் அந்தப் பருவத்தில்தான். 2018-ல் படைப்புழு நாட்டுக்குள் வந்த பிறகு, குருத்துக்குள் மருந்து விழ வேண்டும் என்று செடிசெடியாக நின்று அடிக்கிறார்கள். பாட்டிலோடு வரும் தாளில் கையுறை, முகக்கவசம், முழு உடை அணியச் சொல்லியிருக்கும். யாரும் போடுவதில்லை. கூட்டங்களில் இதை அலட்சியம் என்று பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்பு தாங்காததைத்தான் அந்த ஆள் வேண்டாம் என்கிறார்.

உடம்பின் உள்சூடு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்து. வேலை செய்யும் தசையோ சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதைக் கவனித்து ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பிவிடும், வியர்க்க வைக்கும். வெளிக்காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் வியர்வை ஒன்றுதான் வழி. அதுவும் சொட்டிப் போனால் பயனில்லை, ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். பானையைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிட்டால் குளிருமா?

முதுகில் டேங்க் சுமக்கிற ஆளுக்குக் கவச உடை அந்தத் தாள்தான். ஆளுயரச் சோளத்துக்குள் காற்றோட்டமும் கிடையாது. வெறும் உடம்பிலேயே வியர்வை காயாது.

சரி, சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தால்? விபரீதமே அங்கேதான். சூட்டில் தோலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, தோலும் நனைந்து கிடக்கிறது. மேலே பட்ட மருந்து இன்னும் வேகமாக உள்ளே இறங்கும். மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகளுக்கு வாயும் மூக்கும் வேண்டாம், தோலே போதும். வாந்தி, தலைசுற்றல், கொட்டுகிற வியர்வை எல்லாம் மருந்து ஏறினாலும் வரும், வெயில் தாக்கினாலும் வரும். நாமோ "வெயில் ஒத்துக்கல" என்று மோர் கொடுத்துப் படுக்க வைக்கிறோம். மருந்தடித்த ஆள் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆகவே 'பாதுகாப்பாகப் பயன்படுத்துங்கள்' என்பது நம்ம ஊர் புழுக்கத்தில் நடக்காத காரியம். கம்பெனிக்காரர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அச்சடித்து வைத்த வரி அது.

இயற்கை விவசாயம் செய்கிற நாமும் ரொம்ப மார்தட்ட வேண்டாம். களைக்கொல்லி இல்லாததால் நம் கொல்லையில் களையெடுப்பு அதிகம். வெயிலில் குனிந்து கிடப்பது பெண்கள். மண்ணுக்கு மூடாக்குப் போடுகிறோமே, ஆளுக்கு என்ன செய்தோம்? ஒதுங்க மறைவிடம் இல்லை என்று பல பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. குடிக்காத உடம்பு எதை வியர்க்கும்? 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். அது போன பிறகு வருகிற பணம்.

காலை 6 மணிக்கு இறங்கி 11 மணிக்குக் கரையேறட்டும், கூலி முழுசாகக் கொடுப்போம். கட்டுப்படியாகாது என்பீர்கள். வங்கியில் நான் பார்த்த பயிர்க்கடன் மதிப்பீடுகளில் பூச்சிமருந்துக்கு ஒரு வரி உண்டு, நிழலுக்கும் தண்ணீருக்கும் கிடையாது. அடுத்த முறை விளைபொருளுக்கு விலை கேட்டு மனு எழுதும்போது, ஒரு சாக்குத் தட்டி மறைவிடம், ஒரு பானைத் தண்ணீர், குறைந்த நேரத்துக்கு முழுக் கூலி இவற்றையும் சாகுபடிச் செலவில் சேர்த்தே எழுதுவோம்.