செய்திக் குறிப்பு எழுதக் கற்போம்!

"எங்கள் போராட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் ஒரு வரிகூடப் போடவில்லை!" தொழிற்சங்கத் தோழர்களைச் சந்திக்கும்போதெல்லாம் நாம் கேட்கும் புகார் இது. புகாரில் நியாயம் உண்டு. பெரும் பத்திரிகைகள் யாருடையவை, அவற்றுக்கு விளம்பரப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் நாம் அறிந்த விஷயம்தான். ஆனால், பழி முழுவதையும் அவர்கள் தலையில் போட்டுவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? கூடாது. நம் பக்கக் குறையையும் மனம் விட்டுப் பேசத்தான் வேண்டும்.

நமது அலுவலகத்துக்கு வரும் அறிக்கைகளையே எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கம். முதல் பக்கம் முழுவதும் உலக நிலைமை. அடுத்துத் தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், வாழ்த்திப் பேசியவர்கள். எத்தனை பேர் வேலைநிறுத்தம் செய்கிறார்கள், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து என்பது கடைசிப் பக்கத்தின் அடியில் கிடக்கிறது. சில சமயம் அதுவும் இல்லை! நமக்கே இந்தக் கதி என்றால், அச்சுக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் பிற பத்திரிகையின் உதவி ஆசிரியர் என்ன செய்வார்? ஒதுக்கி வைத்துவிடுவார்.

முதலாளி வர்க்கம் இந்தத் தொழிலை நூறாண்டுகளுக்கு முன்பே கற்றுவிட்டது. 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு மின்சார ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பென்சில்வேனியா ரயில்வே கம்பெனிக்கு விளம்பர ஆலோசகராக இருந்தவர் ஐவி லீ. வதந்தி பரவுமுன் அவர் கம்பெனியின் பெயரில் ஓர் அறிக்கை எழுதி நிருபர்களுக்குக் கொடுத்தார். 'நியூயார்க் டைம்ஸ்' அதை அப்படியே அச்சிட்டது. இன்று நாம் செய்திக் குறிப்பு என்று சொல்வதன் தொடக்கமாக இதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

அதே ஐவி லீயை 1914இல் ராக்பெல்லர் குடும்பம் அமர்த்திக்கொண்டது. எதற்காக? அவ்வாண்டு ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாகாணத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. கூடாரத்துக்கு அடியில் வெட்டிய குழியில் ஒளிந்திருந்த 11 குழந்தைகளும் 2 பெண்களும் மூச்சுத் திணறி மாண்டனர். ராக்பெல்லர் பெயரில் படிந்த அந்தக் கறையைத் துடைக்க, ஐவி லீ துண்டறிக்கைகளை எழுதி நாடெங்கும் அனுப்பினார். நடை சுத்தம், அச்சு அழகு. ஆனால் சங்கத் தலைவர்களின் ஓராண்டு ஊதியத்தை ஒன்பது வார ஊதியமாகக் காட்டியிருந்தார்கள்! விசாரணைக் கமிஷன் முன் இது அம்பலமாயிற்று. கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் 1915இல் அவரைக் கூலிக்குப் பொய் சொல்பவர் என்றே எழுதினார்.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். செய்தியை முந்திச் சொல்பவனின் பேச்சே முதலில் அச்சேறும் என்பது ஒன்று. ஒரு கணக்கு பொய்த்தால் மற்ற எல்லாமும் பொய்த்துப் போகும் என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது பாடத்தை நாமும் பட்டே கற்றோம். ஒரு மில்லில் மூன்று தொழிலாளர்களை வேலைநீக்கம் செய்ததை எதிர்த்து 180 பேர் வெளியேறினார்கள். உற்சாகத்தில் நாம் "சுமார் 500 பேர்" என்று எழுதிக் கொடுத்தோம். நிர்வாகம் வருகைப் பதிவேட்டை நிருபர்கள் முன் விரித்துவிட்டது. மறுநாள் வந்த செய்தி வேலைநீக்கத்தைப் பற்றியது அல்ல. நமது 500ஐப் பற்றியது! அந்த மூன்று குடும்பங்களின் நியாயம் நம்முடைய ஒரு சொல்லால் பின்னுக்குப் போயிற்று. 180 என்ற உண்மையே போதாதா?

அப்படியானால் எப்படி எழுதுவது? ஓர் ஊரில் 40 துப்புரவுத் தொழிலாளருக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். "நிர்வாகத்தின் அராஜகப் போக்கைக் கண்டித்து எழுச்சிமிகு போராட்டம்" என்று தொடங்கினால் அதை எந்த ஊருக்கும் ஒட்டலாம். "இரண்டு மாதமாகச் சம்பளம் கிடைக்காத 40 துப்புரவுத் தொழிலாளர்கள் திங்கள் காலை 10 மணிக்கு நகராட்சி அலுவலகத்தின் முன் உண்ணாவிரதம் தொடங்குகிறார்கள்" என்று எழுதுங்கள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. கோபம் எங்கே என்று கேட்கிறீர்களா? "இரண்டு மாதமாக" என்பதில் இருக்கிறது. படிப்பவர் நெஞ்சில் அது தானே மூளும்.

அடுத்த பத்தியில் கோரிக்கை. அதற்கடுத்து நிர்வாகம் சொன்ன பதில். பின்பு ஒரு தொழிலாளி தம் வாயால் சொன்ன இரண்டு வரி. தலைவர்களின் பெயர்ப் பட்டியல் கடைசியில் வரட்டும். இடம் போதாவிட்டால் ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். வெட்டினாலும் செய்தி உயிரோடு இருக்கும். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். தேதியும், விவரம் சொல்லக்கூடிய தோழரின் பெயரும் கைபேசி எண்ணும் கட்டாயம் இருக்கட்டும். அழைத்தால் அவர் எடுக்கவும் வேண்டும்! வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் மட்டும் போதாது. எந்த இடம், எந்த நாள் என்று எழுதாத படம் ஊமைப் படம். இரவு பத்து மணிக்கு அனுப்பிவிட்டுக் காலையில் பத்திரிகையைத் திட்டிப் பயனில்லை, பிற்பகலிலேயே அனுப்புங்கள். தவறு நேர்ந்தால் மறைக்காமல் அன்றே திருத்தம் கொடுங்கள்.

இதற்குப் பெரும் படிப்பு தேவையில்லை. ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு தோழரை இந்த வேலைக்கென்று பொறுப்பாக்கட்டும். எழுதியதைப் போராட்டத்தில் இல்லாத ஒருவருக்குப் படித்துக் காட்டட்டும். அவருக்குப் புரிந்தால் ஊருக்கும் புரியும்.

நியாயம் நம் பக்கம் இருக்கிறது. அதை நாலு பேர் அறியச் சொல்லும் பொறுப்பும் நம்முடையதே. அடுத்த அறிக்கையின் முதல் வரியிலேயே செய்தி வரட்டும், தோழர்களே!