அமைதியை மடத்தின் தலையில் கட்டாதீர்கள்

இமயமலைப் பயணக் கட்டுரை என்றாலே ஒரு புத்த மடம் வரும், முகமூடி ஆட்டம் வரும், கடைசியில் ‘சொல்லில் அடங்காத அமைதி’ வரும். போதும்ப்பா.

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில், 3,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது தெங்போச்சே மடம். இலையுதிர் காலத்தில் அங்கே நடக்கும் மணி ரிம்டு விழாவில் அமைதி எங்கே இருக்கு? நீளக் கொம்பு, முரசு, ஜால்ரா, கோமாளி ஆட்டத்துக்குச் சிரிக்கும் ஷெர்பா கூட்டம். விழாவின் பெயரே ‘மணி ரில்பு’விலிருந்து வந்தது: மந்திரம் ஓதி மக்களுக்குக் கொடுக்கும் சின்ன உருண்டைகள். முகமூடி ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஆசி வழங்கும்போதே கொடுத்துவிடுவார்கள். நம் கட்டுரைகளில் அந்த நாளே கிடையாது. படம் எடுக்க அதில் பெருசா ஒன்றுமில்லையே!

‘காலம் உறைந்த இடம்’ என்று வேறு எழுதுகிறோம். 1934 நிலநடுக்கத்தில் இடிந்தது. 1989இல் மின்கசிவால் எரிந்தது. இரண்டு முறையும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இதில் எது உறைந்தது?

பத்துமலையில் அலகுக் காவடியை மட்டும் படம்பிடித்துப் போகிறவர்களைத் திட்டும் நாம்தான், அங்கே போய் அதையே செய்கிறோம். உங்கள் அமைதியை உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கும் ஷெர்பா பாட்டி எதற்காக மலையேறி வந்தார் என்று கேட்டு, அதை எழுதுங்கள்.