கடிதத்தின் கடைசி வரி

சங்கத்து அன்பர் ஒருவரின் புதல்வன் சென்ற மாதம் நம் இல்லத்திற்கு வந்தான். இந்நகரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு அமர்ந்து எட்டு மாதங்களே ஆகின்றன. ஊரில் பாட்டிக்கு உடல்நலம் குன்றியதால், பத்து நாள் விடுப்பு வேண்டி மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறான். முடிவில் 'தாங்க்ஸ் இன் அட்வான்ஸ்' என்று போட்டுவிட்டான். அதிகாரி வயதில் மூத்தவர். "லீவு கொடுப்பதற்கு முன்பே நன்றியா?" என்று முகம் சுளித்தவர், இரண்டு நாள் விடையே எழுதவில்லை. சென்னை மெயிலில் பதிவு செய்திருந்த இடத்தை ரத்து செய்ய நேர்ந்தது.

"நான் செய்தது பிழையா, மாமா?" என்று கேட்டான்.

பிழை என்று கூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், கடன் கேட்கச் சென்றவன் பணம் கைக்கு வருமுன்னரே கும்பிட்டு நன்றி சொன்னால், கொடுப்பவருக்கு மறுக்க வழியில்லாமற் போகிறதல்லவா? அதுதான் அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

நிற்க. சர்க்கார் காரியாலயங்களில் இதற்கு வரையறை உண்டு. 'ஐயா' என்று தொடங்கும் கடிதம் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடியும். பெயரிட்டு விளித்து எழுதும் டி.ஓ. கடிதம் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடியும். ஆபீஸ் மெமோரண்டத்திற்கோ விளியும் இல்லை, முடிவுரையும் இல்லை. கையொப்பமும் பதவியுமே உண்டு. ஹிந்தியில் எழுதுவோர் 'பவதீய' என்பர். நம் வங்காள நண்பர்கள் சொந்தக் கடிதங்களில் 'இதி' என்ற ஒரு சொல்லை வைத்துத் தம் பெயரை எழுதிவிடுகின்றனர். நமது 'இப்படிக்கு' அதற்கு அக்காள் முறை.

வெள்ளையர் ஆட்சியில் இவ்வால் மிக நீண்டிருந்தது. 'தங்கள் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியனாயிருக்கும் கௌரவம் பெற்றுள்ளேன்' என்று எழுதுவார்கள். நம்மவர் மட்டுமன்று, பெரிய துரைமார்களே ஒருவருக்கொருவர் அவ்வாறு எழுதிக்கொண்டனர். ஆகவே அதனை அடிமைத்தனம் என்று மட்டும் கொள்வதற்கில்லை.

1909-ஆம் ஆண்டில் ஓகில் சந்திர சென் என்னும் வங்காளி சாஹிப்கஞ்ச் டிவிஷனல் ஆபீசுக்கு எழுதிய கடிதம் புது தில்லி ரயில்வே அருங்காட்சியகத்தில் இடம் பெற்றது. பலாப்பழம் தின்று வயிறு உப்பிய நிலையில் அஹமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கினார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிய மனிதர், பலர் காண விழுந்தார், வண்டியும் போய்விட்டது. கார்டுக்குப் பெரும் அபராதம் விதிக்காவிடில் பத்திரிகைகளுக்கு எழுதுவேன் என்று மிரட்டிவிட்டு, அடியில் 'உண்மையுள்ள ஊழியன்' என்ற பொருள்படக் கையொப்பமிட்டார்! ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்தது இக்கடிதத்தினாலேயே என்று சொல்லுவார்கள். இலக்கணம் தடுமாறிய கடிதந்தான், மனிதர் தடுமாறவில்லை. கடைசி வரியில் பணிந்தவர் எல்லாரும் கேட்க வேண்டியதைக் கேளாது விட்டவர் அல்லர்.

காலமும் மாறி வருகிறது. 2020-ஆம் ஆண்டு ஜூலையில் இங்குள்ள உயர்நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி, மாவட்ட நீதித்துறையினரும் பதிவகத்தாரும் தம்மை 'மை லார்ட்' என்னாது 'சார்' என்றே அழைக்கலாம் என்று தெரிவித்தார்.

பையனிடம் நாம் கூறியது இவ்வளவே. உடன் வேலை செய்வோருக்கு 'ரிகார்ட்ஸ்' போதும். ஒரே நாளில் பத்து முறை எழுதிக்கொள்ளும்போது அதுவும் வேண்டாம். மேலதிகாரியிடம் ஒன்றைக் கேட்கையில், பரிசீலிக்க வேண்டுகிறேன் என்று எழுதி, 'யுவர்ஸ் சின்சியர்லி' என முடிக்கலாம். நன்றியை விடுப்புக் கிடைத்தபின் தனியே எழுதுக. ('டூ தி நீட்ஃபுல்' என்பதையும் அடித்துவிட்டோம். என்ன தேவை என்று சொல்லாமல் தேவையானதைச் செய் என்றால் அவர் எதைச் செய்வார்?)

நம் கூடத்திலேயே அமர்ந்து மறுபடி எழுதி அனுப்பினான். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது. விளியில்லை, வணக்கமில்லை, முடிவுரையும் இல்லை. 'ஓகே. பாட்டி எப்படி இருக்கிறார்?' என்று மட்டும் இருந்தது.