படுக்கையருகே ஒரு விளையாட்டு

நோயுற்றவரின் அருகே சிரிக்கலாமா, விளையாடலாமா என்னும் தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வார்டில் யாரேனும் வாய்விட்டுச் சிரித்துவிட்டால், மறுநொடியே அக்கம்பக்கம் பார்த்து அடங்கிவிடுகிறோம். துன்பத்திற்குச் செய்யும் மரியாதை மௌனம் ஒன்றே என எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று என்பது எங்கள் கருத்து. துயரையும் விளையாட்டையும் ஒன்றாக வைத்துக் காட்டிய இரு கலைஞர்களை இதற்குச் சான்றாகக் கூற விரும்புகிறோம்.

முதலாமவர் 1929ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்த யாயோய் குசாமா. கண்முன் உள்ள யாவற்றின்மீதும் புள்ளிகள் பரவுவது போன்ற மாயத்தோற்றங்கள் இளமையிலேயே அவரை அச்சுறுத்தின. அப்புள்ளிகளையே அவர் வரையத் தொடங்கினார். 1977இல் டோக்கியோவின் மனநல மருத்துவமனை ஒன்றில் தம் விருப்பப்படியே தங்கி, அருகிலிருந்த தம் கலைக்கூடத்தில் பணிபுரிவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

2002இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தில் குழந்தைகளுக்கென ஓர் அறையை அவர் அமைத்தார். சுவர், மேசை, நாற்காலி அனைத்தும் வெண்ணிறம். உள்ளே வருவோரிடம் வண்ண வட்ட ஸ்டிக்கர்கள் தரப்பட்டன. விரும்பிய இடத்தில் அவற்றை ஒட்டலாம். நாளடைவில் வெண்மை மறைந்து அறையெங்கும் வண்ணப் புள்ளிகள் நிறைந்தன. ஒருவரைத் தனிமையில் அச்சுறுத்திய புள்ளி, பலருடைய கைபட்டு விளையாட்டுப் பொருளாயிற்று. அதனால் அவர் நோய் தீர்ந்தது என்று நாங்கள் கூறவில்லை. கலை மருந்துக்கு மாற்றன்று. ஆயினும் தம் அச்சத்தைச் சொற்களால் விளக்காமலே பிறரோடு பகிர்ந்துகொள்ள அவருக்கு ஒரு வழி கிடைத்தது.

இரண்டாமவர் கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஃபெலிக்ஸ் கோன்சாலஸ்-டோரஸ். இவருடைய வாழ்க்கைத் துணைவர் ராஸ் 1991இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அவ்வாண்டில் ஃபெலிக்ஸ், பளபளக்கும் வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்களைக் குவித்து, அக்குவியலை ராஸின் உருவப்படம் என்றார். அதற்குக் குறிக்கப்பட்ட எடை 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ. நலமாயிருந்த காலத்து ராஸின் உடல் எடையை அது குறிப்பதாகப் பலரும் பொருள்கொள்வர். பார்க்க வருவோர் ஒரு மிட்டாயை எடுத்துச் சுவைக்கலாம். எடுக்க எடுக்கக் குவியல் மெலியும். அருங்காட்சியகத்தார் மீண்டும் நிரப்பலாம்.

அன்புக்குரியவரின் எடை வாரந்தோறும் குறைவதை எடைக்கருவியில் பார்த்து நிற்கும் குடும்பத்தினருக்கு இப்படைப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை. நாவில் இனிப்பு கரையும்போதே நெஞ்சு கனக்கும். இரண்டும் ஒருசேர நிகழ்வதில் பிழையில்லை என்பதையே அம்மிட்டாய் நமக்கு உணர்த்துகிறது.

இக்கலைஞர்கள் மக்களிடம் 'பாருங்கள்' என்று மட்டும் கூறவில்லை. 'ஒட்டுங்கள், எடுங்கள்' என்றனர். மருத்துவமனையில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. இங்கு நோயாளிக்கு எல்லாமே பிறரால் செய்யப்படுகின்றன. ஊசியும் உணவும் உரிய வேளையில் வந்து சேர்கின்றன. தம் கையால் செய்வதற்கு அவருக்கு ஏதுமில்லை. உடனிருப்போரும் மருந்து, கட்டணம், அறிக்கை என்பவற்றைத் தவிர வேறு பேச்சை மறந்துவிடுகின்றனர்.

ஆகவே ஒன்று வேண்டுகிறோம். ஒரு தாளும் பேனாவும் போதும். நோயாளி தம்மால் இயன்ற அளவு புள்ளி வைக்கட்டும். உடனிருப்பவர் அவற்றைச் சுற்றிக் கோடு இழுத்துக் கோலமாக்கட்டும். கை நடுங்கினால் புள்ளி நகரும், கோலம் கோணும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். பேனா பிடிக்க இயலாதவருக்கு ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று உதவும். நோய்த்தொற்று அபாயம் உள்ளவராயின் செவிலியரைக் கேட்டபின் பொருள்களைக் கொண்டுவாருங்கள். அவருக்கு விருப்பமில்லையெனில் வற்புறுத்தாதீர்கள். மறுப்பதும் அவர் உரிமையே.

காத்திருப்புக் கூடங்களை அமைப்போரிடமும் ஒரு சொல். எச்சரிக்கைப் பலகைகளுக்கு இடையே, வருவோர் தம் கையால் ஏதேனும் சேர்க்கக்கூடிய சுவர் ஒன்று இருக்கட்டும். அறுவை அரங்கின் வாயிலில் மணிக்கணக்காகக் காத்திருப்பவரின் கைகளுக்கும் ஒரு வேலை வேண்டும்.