தண்டவாளம் இல்லாத ஊரில் ஒரு ரயில்

குருவிகுளத்துக்கு ரயில் கிடையாது. மேற்கே சங்கரன்கோவிலில் விருதுநகர் – தென்காசிப் பாதை. கிழக்கே கோவில்பட்டியில் மதுரை – திருநெல்வேலிப் பாதை. இரண்டுக்கும் இடையில் கரிசல் காட்டில் கிடக்கிறது ஊர். அங்கே நம் தமக்கையார் வீட்டு மாடியறையில், அண்மையில் ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில், நாம் ஒரு விரைவு ரயிலை ஓட்டினோம். மூன்று நிலையங்களை ஒருவாறு கடந்துவிட்டோம். நான்காவதில் நடைமேடை முழுவதையும் தாண்டிப் போய், வெறும் பொட்டலில் வண்டியை நிறுத்தினோம். பயணிகள் எவரும் இல்லை என்பதொன்றே ஆறுதல்.

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நாமும் அவ்வாறு வினவியவரே. மாடிப்படி ஏறுகையில் நம் தமக்கையார் சொன்னதும் அதுதான்: “பொம்ம ரயிலு ஓட்டுதான். நீயாவது புத்தி சொல்லு.” புத்தி சொல்லப் போன நாம் இரண்டு மணி நேரம் கழித்தே கீழே இறங்கினோம்.

பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐ.டி.ஐ. படித்தவன். 2024இல் ரயில்வே தேர்வு வாரியம் உதவி லோகோ பைலட் பணிக்கு விண்ணப்பம் கேட்டது. முதலில் 5,696 இடங்கள் என்றார்கள். பிறகு அது 18,799 ஆயிற்று. இரண்டு கட்டக் கணினித் தேர்வுகள், அதன்பின் மனத்திறன் தேர்வு. அந்த மனத்திறன் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தாக வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் வெளியேதான். பையன் எல்லாவற்றையும் கடந்தான். மருத்துவச் சோதனையில் நின்றுவிட்டான். புள்ளிகள் நிறைந்த வண்ண அட்டைகளைக் காட்டி எண்ணைச் சொல்லச் சொன்னார்கள். சில அட்டைகளில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் தன் கண்ணில் கலந்துவிடுகின்றன என்பதை இருபத்து மூன்றாம் வயதில், அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவன் அறிந்தான். ஓட்டுநர் பணிக்குக் கேட்கப்படும் பார்வைத் தகுதி ரயில்வேயில் உள்ளவற்றுள் மிகக் கடுமையானது. அதில் தவறியவர்க்கு மாற்றுப் பணியும் இல்லை.

இந்த விதியின்மேல் நமக்கு மனக்குறை இல்லை. நம் நாட்டு விளக்குச் சமிக்ஞைகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இடம் உண்டு. மூன்று விளக்குக் கம்பத்தில் மேலே பச்சை, நடுவே மஞ்சள், அடியில் சிவப்பு. பகலில், அருகில் வந்தபின், எந்த விளக்கு எரிகிறது என்பதை இடத்தை வைத்தே சொல்லிவிடலாம்; பையன் திரையில் அப்படித்தான் படிக்கிறான். இருளில் கம்பம் மறைந்து, தொலைவில் ஒரு புள்ளி மட்டும் ஒளிரும்போது இடம் ஏது? நிறம் ஒன்றே சான்று. பின்னால் ஆயிரம் பேர் உறங்கிக்கொண்டு வருகிறார்கள். இதை நமக்குச் சொன்னதே அவன்தான். சொல்லும்போது அவன் குரலில் கசப்பு இல்லை. நமக்குத்தான் தொண்டை அடைத்தது.

இனி அந்தப் பலகை. ரயில் ஓட்டும் கணினி விளையாட்டுகள் பல. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001இல் வெளியிட்ட டிரெய்ன் சிமுலேட்டர் அவற்றுள் பெயர் பெற்றது. இங்கிலாந்து, ஆஸ்திரியா, அமெரிக்கா, ஜப்பான் என்று ஆறு பாதைகள் அதில் இருந்தன. இந்தியப் பாதை ஒன்றுகூட இல்லை. குறையை நம்மவர்களே தீர்த்தார்கள். நம் எஞ்சின்களையும் பெட்டிகளையும் நிலையங்களையும் ஆர்வலர்கள் காசு வாங்காமல் வடித்துச் சேர்த்தார்கள். அப்பழைய விளையாட்டின் பாதைகளை இன்றைய கணினிகளில் ஓட்ட ஓபன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருளைத் தன்னார்வலர்கள் கூடி எழுதினார்கள். பையன் ஓட்டுவது அதில்தான்.

விசைப்பலகையில் அதை ஓட்டும் முறை ஒரு தமிழாசிரியனுக்கு வேடிக்கையாகவே இருக்கும். ‘டி’ என்ற எழுத்தை அழுத்தினால் வேகம் கூடும், ‘ஏ’ குறைக்கும். ஒற்றை மேற்கோள் குறியை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். அரைப்புள்ளியை அழுத்தினால் பிரேக் விடுபடும்! நிறுத்தற்குறிகளின் பயனை மாணவர்க்கு உணர்த்த இதைவிட நல்ல கருவி நமக்குக் கிடைத்ததில்லை. ஆனால் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள எஞ்சினும் ஒரு குறியும் விரல்நுனியில் ஒரே கனமாக இருக்கின்றன. எதை அழுத்தினாலும் விரலுக்குத் தெரிவது ஒன்றே.

பையன் அதைப் பொறுக்கவில்லை. பிளைவுட்டில் அரைவட்டமாக ஒரு தட்டு அறுத்து, அதன் விளிம்பில் எட்டு வெட்டுகள் போட்டான். கைப்பிடியின் அடியில் ஒரு சுருள்வில்லும் சைக்கிள் பால்ரஸ் குண்டும் வைத்தான். கைப்பிடியை நகர்த்தினால் குண்டு ஒவ்வொரு வெட்டிலும் ‘டக்’கென்று விழுந்து உட்காரும். கைப்பிடியின் அச்சில் பழைய ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோல். அதிலிருந்து மூன்று கம்பிகள் ஆர்டுயினோ லியோனார்டோ என்னும் சிறு மின்னணு அட்டைக்குப் போகின்றன. கைப்பிடி ஒரு வெட்டைக் கடக்கும்போதெல்லாம், ‘டி’ அழுத்தப்பட்டதாக அந்த அட்டை கணினிக்குப் பொய் சொல்கிறது. கணினி நம்பிவிடுகிறது. இரண்டாம் கைப்பிடி தொடர் முழுவதற்குமான பிரேக், மூன்றாவது எஞ்சினுக்கு மட்டுமான பிரேக். இரும்புத் துண்டுகள் சங்கரன்கோவில் விசைத்தறிப் பட்டறை ஒன்றின் கழிவிலிருந்து வந்தவை. தமக்கையாரின் தையல் இயந்திர மிதி ஹாரனாகிவிட்டது. அவருடைய சினத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டு வெட்டு என்பது விளையாட்டுக்குச் சொன்ன எண்ணன்று. 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் செய்யப்பட்ட டபிள்யூ.டி.எம்-2 என்ற 2,600 குதிரைத்திறன் டீசல் எஞ்சினுக்கு வேகக் கைப்பிடியில் எட்டு நிலைகள். நம் தலைமுறை கேட்டு வளர்ந்த உறுமல் அதனுடையது. ‘நாட்ச்’ என்று ஓட்டுநர்கள் சொல்வது இந்த வெட்டைத்தான். ஒன்றிலிருந்து நான்குக்கு ஒரே இழுப்பில் போனால் சக்கரம் வழுக்கும். ஒவ்வொன்றிலும் நின்று, எஞ்சின் ஏற்றுக்கொண்டதா என்று பார்த்துத்தான் அடுத்ததற்கு ஏற வேண்டும். விசைப்பலகையில் இதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. அந்த ‘டக்’ சொல்லிற்று.

பிரேக்தான் பெரும்பாடம். நாம் நினைத்திருந்தது, காற்றை ஏற்றினால் பிரேக் பிடிக்கும் என்று. நேர்மாறு. தொடரின் நெடுகிலும் ஓடும் குழாயில் 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிறைந்திருந்தால் பிரேக் விடுபட்டிருக்கிறது. காற்றை இறக்கினால் பிடிக்கிறது. குழாய் எங்கேனும் அறுந்தால் வண்டி தானே நின்றுவிட வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்தார்கள். காற்று இறங்கும் செய்தி எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். மீண்டும் காற்றை நிரப்பி விடுவிக்க இன்னும் நேரமாகும். பதறிப்போய்ப் பிடித்தும் விட்டும் பிடித்தும் விட்டும் விளையாடினால் பெட்டிகளின் கொள்கலன்களில் காற்று தீர்ந்து, வேண்டிய நேரத்தில் பிரேக் சோர்ந்துவிடும்.

நடைமேடை தெரிந்ததும் நாம் கைப்பிடியை இழுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மேலும் இழுத்தோம்.

“மாமா, அவசரப்படாதீங்க. கடேசிப் பெட்டிக்கு இன்னும் சேதி போய்ச் சேரல.”

சேதி போய்ச் சேர்ந்தபோது நிலையம் பின்னால் போயிருந்தது. அடுத்த முறை, நிலையம் கண்ணுக்குத் தெரியுமுன்பே, வெறும் காட்டைப் பார்த்துக்கொண்டே பிரேக்கைத் தொட வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தபின் செய்யத் தொடங்குகிறவனுக்கு ரயில் இல்லை. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று பேசிய நமக்கு, சொன்னது கடைசி வரிசைக்குப் போய்ச் சேர நேரமாகும் என்பதை ஒரு பிளைவுட் பலகை கற்பித்தது.

இத்தகைய கைப்பிடிப் பலகைகள் கடையிலும் உண்டு. ஜப்பானில் டைட்டோ நிறுவனம் 1996இல் ‘டென்ஷா டெ கோ’ என்ற விளையாட்டைக் கொணர்ந்தது. குறித்த நொடியில், குறித்த கோட்டில் வண்டியை நிறுத்துவதே அதில் வெற்றி. மறு ஆண்டே வீட்டில் வைத்து ஆட அதற்கெனக் கைப்பிடிகள் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவின் மிச்சிகனில் பி.ஐ. என்ஜினியரிங் செய்யும் ‘ரெயில் டிரைவர்’ என்னும் பலகையில் கைப்பிடிகள், வேகங்காட்டும் எண் விளக்குகள், வரிசையாகப் பொத்தான்கள் எல்லாம் உண்டு. நேர்த்தியானதே. ஆயினும் அதன் ஒழுங்கு அமெரிக்க எஞ்சினின் ஒழுங்கு. டாலரில் விலை, அதன்மேல் கப்பல் கூலியும் சுங்கமும். மறுமுனையில், சென்னையின் ஹைப்ரோ இண்டராக்டிவ் நிறுவனம் இந்திய ரயில் விளையாட்டைக் கைப்பேசிக்கே கொண்டுவந்தது. பொழுதுபோக்க நன்று, எனினும் கண்ணாடியை விரலால் தடவி ரயிலை நிறுத்துவதில் மேற்சொன்ன பாடம் எதுவும் கையில் ஏறாது. எனவே கைப்பிடி அணிகலன் அன்று, அதுவே விளையாட்டின் உயிர் என்பது நம் துணிபு. அதைப் பட்டறைக் கழிவில் செய்துகொள்ள முடியும்போது வெளிநாட்டுப் பெட்டியை எதிர்பார்த்து இருக்க வேண்டியதில்லை.

இலக்கிய அன்பர்களிடம் நாம் கேட்க வந்தது இனிமேல்தான். நாம் வாசித்த அளவில், தமிழ்க் கதைகளில் ரயில் நிறையவே ஓடுகிறது. சன்னலோரம் உண்டு, எதிரிருக்கைப் பெண் உண்டு, நடைமேடைப் பிரிவு உண்டு. எஞ்சினுக்குள் இருப்பவன் எங்கே? கொடியாட்டும் நிலைய அதிபர் வரை வந்த நம் எழுத்தாளர்கள் அதற்கு மேல் ஒரு படி ஏறவில்லை. முன்னோர் இவ்வளவு மோசமில்லை. முல்லைப் பாட்டில் வினை முடித்து மீளும் தலைவன் பேசுவதே பாகனிடம்தான். அகநானூற்றின் 4ஆம் பாட்டில், பூவில் இருக்கும் வண்டுகள் வெருவுமென்று தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிறான் ஒருவன். வண்டிக்கு அதிர்ச்சி தராமல் நிறுத்துவது ஒரு பண்பு என்று அறிந்த மரபு நம்முடையது. ஆனால் அங்கும் பேசுவது தலைவன். பாகன் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் கை கடிவாளத்தில் என்ன உணர்ந்தது என்பதை எழுதிவைத்தவர் அரியர்.

பொம்மை என்று ஒதுக்குவோர்க்கு நம் விடை இது. பையன் ஓட்டுநர் ஆகிவிடவில்லை. அவனுக்கே அது தெரியும். திரையில் சிவப்பைத் தாண்டினால் மீண்டும் தொடங்கலாம், தண்டவாளத்தில் முடியாது. மெய்யான எஞ்சினின் சூடும், அதிர்வும், இரவுப்பணியின் தூக்கமும் அந்த மாடியறையில் இல்லை. ஒரு நிமிடம் கையசைவு இல்லாவிட்டால் எச்சரித்து வண்டியையே நிறுத்திவிடும் விழிப்புக் கருவிக்கு அங்கே தேவையும் இல்லை. ஆயினும் வேலைவாய்ப்பு ஒன்றே கல்வியின் பயன் என்று கணக்கிடுவோமாயின், தமிழ் முதுகலை படித்த நாம்தான் முதலில் வெட்கப்பட வேண்டும். ஒரு வேலை மறுக்கப்பட்டபின்னும் அந்த வேலையின் அறிவை ஒருவன் விரும்பிக் கற்கிறான். நம் வகுப்பறைகளில் அத்தகையோர் எத்தனை பேர்?

கைப்பிடிகளின் மேல் பெயர் ஒட்ட வேண்டும், நல்ல தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டான். நாம் உற்சாகமாக ‘விசைக்கூட்டி’, ‘தொடர்த்தடை’, ‘தனித்தடை’ என்று எழுதிக் கொடுத்தோம். மரியாதையாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த முறை போனபோது பலகையில் ‘நாட்ச்’, ‘வண்டி பிரேக்’, ‘எஞ்சின் பிரேக்’ என்று ஒட்டியிருந்தான். அவன் செய்ததே சரி.

இப்போது விருதுநகரிலிருந்து செங்கோட்டை வரையிலான பாதையைத் தானே கணினியில் கட்ட முனைந்திருக்கிறான். அதில் தென்காசி வரையிலான பகுதி 1927இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது; 2004இல் அகலப் பாதையானது. சிவகாசி, இராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்பக்கோவில் சந்தை, கடையநல்லூர் என்று நிலையங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறான். வளைவுகளும் சரிவுகளும் குறித்தாயிற்று. எஞ்சியிருப்பவை சமிக்ஞைகள், இரவில் எந்தக் கம்பத்தில் எந்த நிறம், எவ்வளவு தொலைவில் தெரியத் தொடங்குகிறது என்று குறிக்க வேண்டுமாம். அதற்கு நம்மை அழைத்திருக்கிறான். வருகிற சனிக்கிழமை பொதிகையில் சன்னலோரமாக இடம் பதிந்திருக்கிறோம். அவன் நேரத்தைச் சொல்வான். நாம் நிறத்தைச் சொல்ல வேண்டும்.