மாற்றிப் பார்ப்பதா? அளந்து பார்ப்பதா?

காய்ச்சல் என்று டாக்டரிடம் போகிறோம். அவர் நாடியைப் பிடிக்காமல், தெர்மாமீட்டரை வைக்காமல், "முதல்ல ஒரு கிட்னியை மாத்திப் பார்ப்போம், சரியாகலேன்னா இன்னொண்ணையும் மாத்துவோம்" என்றால் என்ன செய்வோம்? செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்துவிட மாட்டோமா? ஆனால் நண்பர்களே, நம் ஊர் ஒர்க் ஷாப்கள் பலவற்றில் கார்களுக்கு நடக்கும் வைத்தியம் இதுதான். "பிளக்கை மாத்திப் பாரு", "காயிலை மாத்திப் பாரு", "பம்ப்பை மாத்திப் பாரு" என்று போய், கடைசியில் மாறாமல் மிஞ்சுவது நம்பர் பிளேட் மட்டும்தான்!

நோய் என்ன, அதற்குக் காரணம் என்ன, தீர்க்கும் வழி என்ன என்று வரிசையாக ஆராய்ந்த பிறகே வைத்தியம் செய்ய வேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். அவர் காலத்தில் டர்போ கிடையாது. ஆனால் விதி மாறவில்லை.

சாதாரணக் காருக்காவது கம்பெனி மேனுவல் உண்டு. சரியான அளவு எது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். வேகத்துக்காக மாடிஃபை செய்த காருக்கு மேனுவலே கிடையாது. முதல் ஓனர் ஒன்றை மாற்றியிருப்பார், இரண்டாவது ஓனர் இன்னொன்றை மாற்றியிருப்பார். மூன்றாவதாக வாங்கியவர், "பிக்கப் இல்லண்ணே, ஐடிலிங்ல ஜெர்க் அடிக்குது" என்று நம்மிடம் கொண்டுவந்து நிறுத்துவார். இந்த வண்டியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன கெட்டுப் போச்சு?" என்பது அல்ல. "என்னென்ன மாத்தியிருக்கீங்க?" என்பதுதான். ஏனென்றால் பல நேரங்களில் பாகம் எதுவும் கெட்டுப்போயிருக்காது. நாம் மாற்றியது வண்டியின் இ.சி.யு.வுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் மாடிஃபை செய்பவர்களுக்கு மிகவும் பிடித்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரையே எடுத்துக்கொள்வோம். 1.8 லிட்டர், 20 வால்வு, டர்போ எஞ்சின். இதில் உள்ளே போகும் காற்றை மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் அளந்து சொல்லும். அந்தக் கணக்கை நம்பித்தான் இ.சி.யு. பெட்ரோலை ஊற்றும். இப்போது கம்பெனி பைப்பை எடுத்துவிட்டு, அந்த சென்சாரை அகலமான பைப்பில் மாட்டுகிறோம் என்று வையுங்கள். அதே காற்றுதான் போகிறது. ஆனால் அகலமான வழியில் மெதுவாகப் போகிறது. சென்சார் குறைவாகக் கணக்குச் சொல்கிறது. பெட்ரோல் குறைகிறது. வண்டி தயங்குகிறது. இதில் சென்சார் செய்த குற்றம் என்ன?

கியர் மாற்றும்போது 'புஸ்ஸ்' என்று சத்தம் வரவேண்டும் என்று சிலர் ப்ளோ ஆஃப் வால்வு மாட்டுவார்கள். கம்பெனி வால்வு மிச்சக் காற்றைத் திரும்ப இன்டேக் பைப்புக்கே அனுப்பும். இதுவோ வெளியே விட்டுவிடும். ஆனால் அந்தக் காற்று ஏற்கனவே அளக்கப்பட்டுவிட்டது. அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே போய், ஒரு நொடி எஞ்சின் மூச்சு முட்டி நிற்கும். சைலன்சரை மாற்றும்போது ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் உள்ள ஜாயின்ட் சரியாக மூடாவிட்டால், வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் "பெட்ரோல் பத்தவில்லை" என்று பொய் சொல்லும். பூஸ்ட்டை ஏற்றிவிட்டு பிளக் இடைவெளியைப் பழைய அளவிலேயே விட்டால், முழு ஆக்ஸிலேட்டரில் ஸ்பார்க் அணைந்து மிஸ்ஸிங் அடிக்கும். 0.8 மி.மீ. இடைவெளியை 0.7 ஆக்கினால் தீரக்கூடிய பிரச்சினைக்கு நாலு காயிலை மாற்றுவது நியாயமா?

"அதுக்குத்தான் ஸ்கேனர் இருக்கே" என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கேனர் சொல்வது நோயின் அறிகுறியை. பி0171 என்ற கோடு வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்றுதான் அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிப் போடுவது, காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம்! கோடைப் படித்துவிட்டு ஸ்கேனரை மூடிவிடாமல், அதிலேயே ஃப்யூயல் ட்ரிம் என்ற கணக்கையும் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் ட்ரிம் பிளஸ் 20 சதவீதம் காட்டி, 2500 ஆர்.பி.எம்.மில் 5க்கு இறங்கினால், எங்கோ காற்று திருட்டுத்தனமாகப் புகுகிறது. அதற்கு நேர்மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பம்ப், ஃபில்டர், ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் தேட வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று நாம் படித்த கணக்கு, இதற்குச் சுமார் 13.5 ஆகிவிடும். பழைய கார்களில் இதனாலேயே ட்ரிம் சில சதவீதம் பிளஸ் பக்கம் நிற்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

டிரெய்னிங் போன இடத்தில் நான் கண்ணால் பார்த்தது இது. இதே எஞ்சின். ஐடிலிங்கில் காற்று அதிகம், பூஸ்ட்டில் பெட்ரோல் அதிகம். "ரெண்டு கம்ப்ளைன்ட் இருக்கு" என்று சொல்லி நாலு காயில், ஃப்யூயல் பம்ப், ஏர் ஃப்ளோ சென்சார் எல்லாம் மாற்றினார்கள். வண்டி மாறவில்லை. கடைசியில் இன்டேக்கில் புகை விட்டுப் பார்த்தார்கள். மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. ஐடிலிங்கில் அந்த ஓட்டை வழியாக அளக்காத காற்று உள்ளே வந்தது. பூஸ்ட்டில் அளந்த காற்று வெளியே போனது. ஓட்டை ஒன்று, நோய் இரண்டு! புகை விட்டுப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதை முதல் நாளே செய்திருக்கலாம். பில் மட்டும் முழுசாகப் போடப்பட்டது.

ஏன் இப்படி? மெக்கானிக் அண்ணன்மார்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சத்தத்தைக் கேட்டே குறையைச் சொல்லும் அண்ணன்கள் இருக்கிறார்கள், அவர்கள் காலில் விழலாம். உண்மையான காரணம் காசுக் கணக்கு. இரண்டு மணி நேரம் அளந்து பார்த்து ஒரு ஹோஸை மாற்றினால், "ஒரு ஹோஸுக்கா இவ்வளவு? சும்மா பார்த்ததுக்குக் காசா?" என்று கேட்கிறோம். புது சென்சாரைப் பெட்டியோடு காட்டினால் மறுபேச்சு இல்லாமல் கொடுக்கிறோம். மூளைக்குக் கூலி இல்லை, பாகத்துக்கு மட்டும்தான் கூலி என்றால் பாகம்தானே விற்கும்? டாக்டருக்குக் கன்சல்டிங் ஃபீஸ் தருகிற நாம், குறையைக் கண்டுபிடிப்பதற்கும் தனிக் கூலி தரப் பழக வேண்டும். ஒர்க் ஷாப்களும் அதை பில்லில் தைரியமாகத் தனி வரியாக எழுத வேண்டும்.

நம் பங்குக்கும் வருகிறேன். லேபில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்கிறோம். வேண்டியதுதான். அதோடு, ஓடுகிற எஞ்சினில் ஒரு ஹோஸை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, "அளவை வைத்துக் கண்டுபிடி, ஸ்பேனரைத் தொடாதே" என்று ஒரு பிராக்டிகல் வையுங்கள் என ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாக்குவம் கேஜ், ஃப்யூயல் பிரஷர் கேஜ், கம்ப்ரஷன் டெஸ்டர், ஒரு சாதாரண ஸ்கேனர் போதும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. டிப்ளமோ வாங்கிய பிறகும் நான் மாற்றித்தான் பார்ப்பேன் என்றால், இந்த மூன்று வருடம் எதற்கு?

மாடிஃபை செய்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேகம் வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே ஓட்டுகிற வண்டியிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு அளவு, மாற்றிய பின் ஒரு அளவு என்று நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு அந்த வண்டியைத் தொடப்போகிற மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே மேனுவல் அந்த நோட்டுதான்.

நாளைய மெக்கானிக்குகளே! ஸ்பேனர் கைக்கு வருவதற்கு முன் கேஜ் கைக்கு வரட்டும். முதலில் கேட்போம், பிறகு அளப்போம், அதற்குப் பிறகுதான் கழற்றுவோம்!